சாப்பிட்டேன் என்றாள் அக்கா

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு நீண்ட நடைவழி. வெளியூர் பஸ்களில் வந்து இறங்கிய கூட்டத்தில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த என் அக்காவையும் பக்கத்தில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓர் இளம் பெண் டாக்டர் கேட்டார்: “உங்க அம்மாவுக்கு என்ன வயசுங்க?”

“அம்மா இல்லைங்க, அக்கா. என்னைவிடப் பத்து வயசு பெரியவங்க” என்றேன்.

டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. அக்காவுக்கு அதெல்லாம் இல்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், “நான்தாம்மா இவன வளத்தேன். அம்மான்னே எழுதிக்கோ” என்றாள்.

வீட்டில் வயதான ஒருவர் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, அவரை எங்கே எப்படி வைத்துப் பார்ப்பது என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. நான் மின்துறையில் வேலை பார்ப்பவன். அக்காவுக்கு நடந்ததையும், அதை நான் எவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் மட்டும் சொல்ல முடியும்.

அக்காவின் பெயர் தனலட்சுமி. தெருவுக்குத் தனம். முதலியார்பேட்டையில் நாங்கள் வளர்ந்த ஓட்டு வீட்டில், புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். நான் மூலக்குளத்தில் வீடு கட்டி மனைவி கலாவோடு இருக்கிறேன். எங்களோடு வந்துவிடு என்று கூப்பிடும்போதெல்லாம், “மூலக்குளத்துல எனக்கு யாரத் தெரியும்? இங்கன்னா கதவத் தெறந்தா பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு” என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

இப்போது யோசித்தால் அறிகுறிகள் வெகுநாளாக இருந்திருக்கின்றன. எட்டிப் பிடித்த கொடிக்கயிறு எட்டாமல் போனது. கயிறு ஏறிவிட்டதென்று என்னைக் கூப்பிட்டு இறக்கிக் கட்டச் சொன்னாள். நானும் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கயிறு இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது, அக்காதான் குட்டையாகிக்கொண்டு வந்திருக்கிறாள். முதுகு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, வயசாகிவிட்டது என்று அவளும் சொல்வாள், நாங்களும் சொல்வோம்.

விழுந்த அன்று குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு திரும்பியிருக்கிறாள். “வழுக்கிட்டியா?” என்று கேட்டதற்கு, “வழுக்கவே இல்லடா. நான் திரும்பினேன், காலு கூட வரல” என்றாள். அப்படியும் நடக்குமாம். சில சமயம் விழுந்ததால் எலும்பு உடைவதில்லை, எலும்பு உடைந்ததால் ஆள் விழுகிறார்.

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்துக்குக் கழுத்து என்று பெயர். அந்தக் கழுத்து முறிந்திருந்தது. முறிந்ததைவிட மற்ற எலும்புகள்தான் அவரைக் கவலைப்படுத்தின. “ஆஸ்டியோபோரோசிஸ்” என்றார் (எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே பொரபொரவென்று ஆகிவிடுவது). எலும்பே தெரியவில்லை, நிழல் மாதிரி இருக்கிறது என்றார்.

பிறகு அக்காவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்விகள் கேட்டார். இந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இவ்வளவு மோசமாக இருக்காதே என்பது அவருடைய சந்தேகம்.

“சின்ன வயசுல பால், முட்டை, மீனெல்லாம் சாப்பிட்டிருக்கீங்களாம்மா?”

“எல்லாம் சாப்ட்டதுதாம்மா. எங்களுக்கு இன்னா கொறை?”

“எந்த வயசுல வேலைக்குப் போனீங்க?”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அப்பறம் வூட்டு வேலதான். இவனத் தூக்கிக்கிட்டுத் திரிவேன். பெரிசானதும் மில்லுல சேந்தேன்.” என்னைக் கையால் காட்டினாள். “இவனத் தூக்கித் தூக்கித்தான் இந்தப் பக்கத்து எலும்பு தேஞ்சிச்சு. எழுதிக்கோம்மா.”

டாக்டர் சிரித்தார். “தூக்கினா தேயாதும்மா. சொல்லப்போனா எடை தூக்கினா எலும்பு கெட்டியாகும். கெட்டியாகறதுக்கு உள்ள சத்து இருக்கணும், அவ்ளோதான்.”

“கொழந்தைங்க?”

“ஒண்ணு பொறந்துச்சு. தங்கல” என்றாள். இடுப்புக்கூடு இவ்வளவு குறுகலாக இருந்தால் பிரசவம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பிரசவத்தைப் பற்றி நாங்கள் வீட்டில் விதி என்று பேசி முடித்திருந்தோம். அதற்கு எலும்பிலும் ஒரு காரணம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எலும்பு முப்பது வயதுவரைதான் சேர்த்து வைக்கும், அதன்பிறகு இருப்பதிலிருந்து செலவழிக்கும் என்று அவர் விளக்கினார். சின்ன வயதில் குறைவாகச் சேர்த்தவர்களுக்கு முதுமையில் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஒரே வீட்டில் பிறந்த எனக்கு அப்படி இல்லையே என்று கேட்டேன். “ஒரே வீடுதான். ஒரே காலமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னோடு வார்டுக்கு வந்தது.

ஒரே காலம் இல்லை. அக்கா பிறந்தபோது எங்கள் அப்பா மில்லில் பதிலி. பதிலி என்றால், நிரந்தர வேலைக்காரர் யாராவது வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர். சங்கு ஊதியதும் மில் கேட்டில் போய் நிற்பார்கள், பெயர் கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. அப்பா திரும்பி வரும்போது அவர் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று அக்கா பார்ப்பாளாம். பஞ்சு இருந்தால் அன்று உலை வைக்கலாம். இல்லாத நாளில் நொய்க்கஞ்சி, அதுவும் அப்பாவுக்குப் பிறகு.

நான் பிறக்கும்போது அப்பா பர்மனென்ட் ஆகிவிட்டார். அம்மாவுக்கும் ரீலிங்கில் (நூலைக் கட்டுக்கட்டாகச் சுற்றும் பிரிவு) வேலை கிடைத்தது. வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்காக மில்லுக்குள்ளேயே ஓர் அறை இருந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, சின்னச் சின்னத் தூளிகள் கட்டி, ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரியும். அங்கே குழந்தைகளுக்குப் பால் கொடுப்பார்கள். சில நாளில் அவித்த முட்டை. எனக்கு நினைவு தெரிந்த முதல் ருசி அந்தப் பாலின் ருசிதான், லேசாக அடிப்பிடித்த வாசனையோடு. அதற்கு நிகரான பாலை நான் அதன்பிறகு குடித்ததில்லை.

என்னை அங்கே கொண்டுபோய் விடுவது அக்கா. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே வருவாள். அந்த அறைக்கு அவள் வயதைத் தாண்டியிருந்தாள். வாசலில் என்னைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். உள்ளே பால் குடித்தபடி நான் அவள் போவதைப் பார்த்து அழுவேனாம். அவள் அதைப் பெருமையாகச் சொல்வாள்.

எத்தனை சந்தோஷமான நாட்கள் அவை. ஆயுத பூஜை அன்று மட்டும் மில்லுக்குள் குடும்பங்களை விடுவார்கள். ஓடாமல் நிற்கும் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, வாழைக்கன்று நட்டிருக்கும். வருஷம் முழுக்க இரைச்சலாகவே கேட்ட இடம் அன்று கோயில் மாதிரி அமைதியாக இருக்கும். அக்கா என்னைத் தூக்கிக் காட்டி, “இதான் அப்பா மிஷினு, அதான் அம்மா நிக்கிற எடம்” என்று சொல்வாள். பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அவள் பாவாடையில் வாங்கிய பொரியையும் நான்தான் தின்பேன். எனக்கு அந்த நாள் முழுக்க இனிப்பாகவே நினைவிருக்கிறது. அக்காவுக்கும் அப்படித்தான்.

எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். அந்த வீட்டுப் பெண் செலினும் அக்காவும் ஒரே வயது, இணைபிரியாத சிநேகம். காலையில் அவர்கள் வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும் கிண்ணம் நிறையப் பால்காப்பியும். போகும்போதெல்லாம் செலினின் அம்மா அக்காவைச் சாப்பிடச் சொல்வாராம். அக்கா சாப்பிட்டேன் என்பாளாம்.

அது எங்கள் அம்மா சொல்லிக் கொடுத்தது. யார் வீட்டில் கேட்டாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வீம்புக்காக அல்ல. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே நிலைமை. இல்லை என்று சொன்னால் கேட்டவளுக்கு அல்லவா தர்மசங்கடம்? அதனால் தெருவில் எல்லோரும் எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள், எல்லோரும் ஆச்சு என்றார்கள். வயிறு காய்ந்தாலும் மரியாதை குறையாத தெரு அது.

அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. இரத்தம் குறைவாக இருந்ததால் முதலில் இரத்தம் ஏற்றினார்கள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, கழுத்துக்கு மேலே பந்துபோல இருக்கும் முனையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது கலா அழுதுவிட்டாள். எனக்குக் காப்பி குடிக்க வேண்டும்போல இருந்தது.

இந்த ஆபரேஷனில் சீக்கிரமே எழுப்பி நிற்க வைப்பார்கள். அக்காவையும் எழுப்பினார்கள். நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சாய்ந்தாள். மறுநாளும் அப்படியே. தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. இரத்தத்தில் அல்புமின் (புண் ஆற வேண்டுமானால் உடம்பில் இருக்க வேண்டிய ஒரு புரதம்) மிகவும் குறைவு என்றார்கள்.

ஒருநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இவங்க சீக்கிரம் எழுந்து நிக்கணும் சார். இப்படியே படுத்திருந்தா படுக்கைப் புண் வரும், நெஞ்சுல சளி கட்டும். இப்ப நிக்கலன்னா அப்புறம் நிக்கவே மாட்டாங்க. நல்லா சாப்பிடறாங்களா?”

“கேட்டா சாப்ட்டேன்னுதான் சொல்றாங்க” என்றேன்.

“ரெண்டு வேளை முட்டை கொடுக்கறோம், பால் கொடுக்கறோம். அப்புறம் ஏன் அல்புமின் ஏறலன்னு தெரியல” என்று நெற்றியைத் தேய்த்தார். அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியவில்லை. பதில் என் வயிற்றில் இருந்தது.

காலை முழுவதும் கலா அக்காவோடு இருப்பாள். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்பே வீட்டு வேலைக்காகக் கிளம்பிவிடுவாள். அலுவலகத்திலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி வந்துபோயிருக்கும். என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலரும். “வா, பசியோட வந்திருப்ப” என்று சொல்லி, தலையணைக்குப் பின்னால் மூடி வைத்திருக்கும் கிண்ணத்தை எடுப்பாள். அதில் அவித்த முட்டை இருக்கும். நடுங்கும் விரலால் அவளே ஓடு உரித்து, உப்பு தொட்டு, என் கையில் கொடுப்பாள். பாலையும் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்திருப்பாள்.

“உனக்கு?”

“நான் அப்பவே சாப்ட்டேன். இவங்க நெறைய குடுக்கறாங்கடா, வீணாத்தான போவுது.”

நான் சாப்பிட்டேன். ரசித்துச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெட்டால் வாசனைக்கு நடுவே அவள் கட்டிலில் உட்கார்ந்து முட்டை தின்றபடி பழங்கதை பேசிய அந்த மத்தியானங்களுக்காகக் காலையிலிருந்தே காத்திருந்தேன். ஓய்வு பெறப்போகும் வயதில், யாரோ ஒருவர் நமக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு சுகம். அக்கா நோயாளி என்பதே சில சமயம் மறந்துபோகும்.

வழக்கமாகக் காலையில் வரும் டாக்டர் ஒருநாள் மத்தியானம் வந்துவிட்டார். என் வாய் நிறைய முட்டை. வணக்கம் சொல்ல முடியாமல் கையை மட்டும் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், அக்காவின் மடியில் கிடந்த ஓடுகளைப் பார்த்தார், தொடப்படாத சோற்றுத் தட்டைப் பார்த்தார்.

“அது யாரோட முட்டைங்க?”

என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அக்காதான் பதில் சொன்னாள். “என்துதாம்மா. நான் சாப்ட்டுட்டேன். இது மிச்சம்.”

“எத்தனை நாளா மிச்சம்மா?”

அக்கா மடியில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாதான் சொன்னார்: “தெனமும் தம்பிக்குத்தான் டாக்டர். நான் சொல்லிப் பாத்தேன். பச்சப்புள்ள பசியோட வருவான்னு சொல்லுச்சு.”

பச்சப்பிள்ளை எழுந்து நின்றது. தலை நரைத்த, தொப்பை விழுந்த பிள்ளை. டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்து, “நீங்க சாப்பிட்டாத்தாம்மா இந்தப் புண்ணு மூடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. கோபம் வருவது சுலபம்.

“எதுக்கு இப்பிடிப் பண்ற? நிக்காம படுத்தே கெடக்கணும்னு ஆசையா?”

“நீ பசியோட வந்து நிக்கும்போது எனக்கு எறங்காதுடா.”

“நான் ஆபீஸ்ல சாப்ட்டுட்டுத்தான் வர்றேன்.”

“சாப்ட்டேன்னு நீயும்தான் சொல்ற” என்றாள்.

அன்று மாலை செலின் அக்கா பார்க்க வந்தார். கடற்கரைச் சாலையில் தினமும் நடப்பவர். மாடிப்படி ஏறி, மூச்சு வாங்காமல், முதுகு வளையாமல் வந்து நின்றார். பாவாடை கட்டிய காலத்தில் இவரும் அக்காவும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வாள். இருவரும் ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லாமல் இருந்ததாகச் சொல்வாள். இப்போது செலின் அக்கா குனிந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டபோது, மகள் தாயைத் தொடுவது போலிருந்தது. ஒரே தெரு, ஒரே கடற்காற்று. ஒரு வீட்டில் பென்ஷன் வந்தது, இன்னொரு வீட்டில் அப்பா மில் கேட்டில் போய் நின்றார்.

“எங்க அம்மா குடுத்தப்ப நீ ஒருநாளும் வாங்கினதில்ல தனம்” என்றார். “உனக்குப் பசிக்குதுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும்டி.”

அக்கா சிரித்தாள். “தெரிஞ்சும் கேட்டீங்க, தெரிஞ்சும் சொன்னேன். அதான சிநேகம்.” இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “கட்டாயப்படுத்தினா அண்ணி சாப்பிட மாட்டாங்க. அவங்க எப்பவும் கடைசிதான். கல்யாணமாகி நான் வந்ததுல இருந்து பாக்கறேன், எல்லாரும் கை கழுவின பிறகு சமையல்கட்டுல திரும்பி உக்காந்து சாப்பிடுவாங்க. அவங்க சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?”

நான் பார்த்ததில்லை. அக்கா சோறு போட்டுப் பார்த்திருக்கிறேன், பிசைந்து ஊட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் வாயில் சோறு போவதை என் நினைவில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டேன். கலா இரண்டு பேருக்கும் கட்டிக் கொடுத்தாள். சாப்பாட்டு வண்டி வந்தபோது அக்காவின் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் தட்டைத் திறந்தேன். அவள் முட்டையை என் பக்கம் தள்ளினாள். கலா கொடுத்த முட்டையைக் காட்டினேன்.

“எனக்கு இருக்கு. நீ ஒரு வாய் சாப்பிடு, நான் ஒரு வாய் சாப்பிடறேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். மத்தியானத்துக்கு மேல எனக்கு வேலை இருக்கு, கரண்டு கம்பத்துல ஏறணும். பட்டினியா ஏறினா மயக்கம் வரும், பாத்துக்கோ.”

“இப்ப நீ எங்கடா கம்பம் ஏறுற, மேற்பார்வைதான?” என்றாள். ஆனால் பயந்துவிட்டாள். முட்டையைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். அக்காவுக்குக் கடைவாய்ப் பற்களே இல்லை. முன்பற்கள் வரிசையாக இருந்ததால் சிரிக்கும்போது தெரிந்ததே இல்லை. ஒரு துண்டு முட்டையை நாக்கால் அங்கும் இங்கும் புரட்டி, ஈறால் நசுக்கி விழுங்க அவ்வளவு நேரம் பிடித்தது. எத்தனை வருஷமாக இப்படி? கேட்டால், “ஒவ்வொண்ணா போச்சுடா, எப்பன்னு யாருக்குத் தெரியும்” என்றாள். யாரும் பார்க்காமல் சாப்பிடுகிறவளுக்குப் பல் போனதும் யாருக்கும் தெரிவதில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சாம்பார் காரம் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து கலா முட்டையை மசித்து, சோற்றைக் குழைத்து, பாலில் ராகிக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு வாய்க்கு ஒரு வாய் சாப்பிட்டோம். சில நாள் அவள் என்னை ஏமாற்றப் பார்த்தாள். சில நாள் நான் கோபித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா எங்களுக்கு நடுவர்.

தையல் காய்ந்தது. ஃபிசியோதெரபி (பயிற்சிகளால் தசைக்கு வலுவூட்டும் சிகிச்சை) சொல்லிக் கொடுப்பவர் வந்து வாக்கரை முன்னால் வைத்தார். அக்கா எழுந்தாள். கண் இருட்டவில்லை. கால்கள் வெடவெடவென்று ஆடின, ஆனால் நின்றாள். என் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தாள். இவ்வளவு சின்ன உடம்பா என்னைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூரம் நடந்தது என்று நினைத்தேன்.

இதே நிலைமையில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். குறைந்த கூலியில் பிள்ளை வளர்த்த வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் பழக்கம்.

அக்கா இப்போது மூலக்குளத்தில் எங்களோடு இருக்கிறாள். எலும்பு வலுவாக ஊசி போடுகிறார்கள், சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், காலை வெயிலில் உட்காரச் சொல்கிறார்கள். சின்ன வயதில் சேராதது இனிச் சேராது, இருப்பது கரையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். எனக்கும் எலும்பு அடர்த்தி பார்த்தார்கள். நன்றாக இருக்கிறதாம். அந்த முடிவைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சட்டை போடும்போது என் மணிக்கட்டைப் பார்ப்பேன், தடித்த எலும்பு. அந்தச் சுண்ணாம்பு அடித்த அறையும், வாசலோடு திரும்பிப் போன ஒரு சிறுமியும் சேர்ந்து கட்டியது.

வீட்டில் காலம் அக்காவின் வாக்கர் வேகத்துக்கு வந்துவிட்டது. அறையிலிருந்து கூடத்துக்கு அவள் வர எடுக்கும் நேரத்தில் நானும் கலாவும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிடுகிறோம். முன்பெல்லாம் எனக்கு எதற்கும் அவசரம். இப்போது அந்தச் சத்தம் அருகில் வரும்வரை உட்கார்ந்திருப்பது பிடித்திருக்கிறது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளும் உட்காருவாள். நான் கை வைத்தால்தான் அவளும் கை வைப்பாள். எனக்கு வேலை இழுத்துவிடும் நாளில் அவளும் காய்ந்து கிடப்பாள். கலா எவ்வளவு கெஞ்சினாலும், “அவன் வந்துடட்டும்” என்பாளாம். இது மாறாது என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் மழையில் மரம் விழுந்து லைன் அறுந்துபோனது. சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் கடந்து வெகு நேரமாகியிருந்தது. அக்கா பட்டினியாக இருப்பாளே என்று வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே வந்தால் அவள் கட்டிலில் படுத்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுப்பு கலா, சாப்பிடட்டும்.”

“அண்ணி அப்பவே சாப்ட்டாங்க” என்றாள் கலா. “நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாத்தான் வாக்கர வெச்சிக்கிட்டு சமையல்கட்டு வரைக்கும் வந்தாங்க. ‘பசிக்குது கலா, அவன் வர்ற வரைக்கும் தாங்காது’ன்னாங்க. மீனுல நடுத்துண்டு ரெண்டையும் முள்ளு எடுத்து வெச்சேன், ரெண்டையும் சாப்ட்டாங்க. உங்களுக்கு வால்துண்டுதான் இருக்கு.”

பசிக்குது என்று அக்கா சொன்னதை நான் என் காதால் கேட்கவில்லையே என்றிருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லி கலாவிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, அக்கா தூங்குவது தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வால்துண்டில் முள் அதிகம். பொறுமையாக எடுத்து எடுத்துத் தின்றேன். அக்கா சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.